எதிரே வரும் கார்

"அம்மா, காருக்கு இடதுன்னா அது யாரோட இடது? உன்னோடதா, காரோடதா?"

ஒன்பது வயது மகள் ஒரு மாலை நேரம் தெருவில் நின்று இப்படிக் கேட்டாள். அப்போது தாயின் கையில் துப்பாக்கி போல ஒரு ரிமோட் இருந்தது. எதிர்வீட்டுச் சுவரோரம், முழங்கை நீளத்தில் ஒரு பந்தயக் கார் கவிழ்ந்து கிடந்து சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பூந்தொட்டிகள் உடைந்து கிடந்தன.

தாய் ஓடிப்போய்க் காரை நிமிர்த்தினாள்.  அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். சந்தை நெரிசலிலும் பள்ளி விடும் நேரத்திலும் பேருந்தைக் கீறல் படாமல் கொண்டுவந்து சேர்ப்பவள் என்று டிப்போவில் அவளுக்குப் பெயர் உண்டு. காலையில் சாவியைத் திருப்புமுன் கண்ணை மூடி ஒரு நொடி ஆண்டவனை நினைப்பாள். பிறகு இடது வலது என்று நினைத்ததே இல்லை. கையும் காலும் பார்த்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து தொட்டிகளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதானே எங்க ரூட்டு பஸ்ஸை ஓட்டுற?"

"ஆமாக்கா. தொட்டியை நாளைக்கே வாங்கி வச்சுடறேன்."

"தொட்டி கிடக்கட்டும். நாளையிலிருந்து நான் நடந்தே வேலைக்குப் போயிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தாயும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் சிரிப்போடு போகவில்லை. செருப்பில் ஏறிய முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. இறைவன் சிலருக்குக் கேள்வியை முன்னால் நீட்டிவிட்டு, பதிலை எங்கோ ஒளித்து வைத்துவிடுவான். தேடட்டும் என்றுதான்.

அந்தக் கார் மகளுக்காக வந்தது. கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஊரை விட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவர், "உங்க பொண்ணு விளையாடட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனது. மகள் இரண்டு வாரம் விளையாடினாள், நன்றாகவே ஓட்டினாள். அப்புறம் வண்ணப் பென்சில்களிடம் திரும்பிவிட்டாள். தாய்தான் திரும்பவில்லை.

கார் அவளை விட்டு விலகிப் போகும்போது ஒரு சிரமமும் இல்லை. ரிமோட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னச் சக்கரத்தை வலப்புறம் திருப்பினால் கார் வலப்புறம் போகும். அது வளைந்து அவளை நோக்கித் திரும்பி வரும்போதுதான் உலகமே தலைகீழாகும். காரின் வலது அவளுக்கு இடதாகிவிடும். சுவரில் மோதப் போகிறதே என்று அவள் அவசரமாகத் திருப்புவாள். அது இன்னும் வேகமாகச் சுவரைத் தேடிப் போகும். வாழ்நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டியவளுக்கு, வெளியே நின்று ஓட்டுவது இன்னொரு பிறவி எடுப்பது போல இருந்தது.

நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய மரக்கிடங்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மரம் அறுப்பதில்லை. அன்று சாம்பல் நிறக் கார்ப்பெட்டைத் தரை முழுக்க விரித்து, வெள்ளைக் குழாய்களை வளைத்து ஓரம் கட்டி, ரிமோட் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். ஓட்டுபவர்கள் இரும்புப் படிகளில் ஏறி ஒரு மேடையில் வரிசையாக நிற்பார்கள். கீழே அவர்களுடைய கார்கள் பறக்கும். காருக்குள் பொருத்திய சின்ன வில்லை ஒன்று, கோட்டைக் கடக்கும்போதெல்லாம் கணினிக்குச் சேதி சொல்லும். குறித்த நிமிடங்களுக்குள் யார் எத்தனை சுற்று ஓடி எத்தனையாவது என்று சுவரில் உள்ள திரையில் தெரியும், கணினிக் குரலும் சொல்லும்.

அவள் அங்கே முதன்முதலாகப் போன நாளை அந்தக் கிடங்கில் இருந்த யாரும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மூலைக்கு மூலை கவிழ்ந்தாள். கவிழாத மூலைகளில் பயந்து நிறுத்தி, பார்த்து, மறுபடி கிளம்பினாள். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரு பல் டாக்டர். கிடங்கிலேயே வேகமான கைகளில் ஒன்று அவருடையது. வாயோ அதைவிட வேகம்.

"மேடம், ஒவ்வொரு மூலையிலயும் நின்னு நின்னு போறீங்களே, ஆள் ஏத்துறீங்களா இறக்குறீங்களா?"

"நான் பஸ் டிரைவர் சார். பழக்கம்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மைக்கில் பந்தயத்தை அறிவித்துக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. "டவுன் பஸ் வருது, டவுன் பஸ் வருது, பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சுட்டு ஓரமா போயிக்குங்க!" என்று கிடங்கு அதிரச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"படியில தொங்காதீங்க, உள்ளே ஏறி வாங்க!" என்று அவளும் மேடையிலிருந்து குரல் கொடுத்தாள். சிரிப்பு இன்னும் கூடியது. ஆனால் இம்முறை அது அவளோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. அன்று முதல் அவள் பெயர் டவுன் பஸ்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பந்தயத்தில் ஓட்டி முடித்தவர்கள் உடனே கீழே இறங்கி, ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் போய் நிற்க வேண்டும். அடுத்த பந்தயத்தில் எந்தக் கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓட்டுபவர் மேடையை விட்டு இறங்கக் கூடாது. கவிழ்ந்தவரின் கதி மூலையில் நிற்பவர் கையில். சிலர் இதை வேண்டாவெறுப்பாகச் செய்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவளுக்குப் பந்தயத்தைவிட இந்த வழக்கம் பிடித்துப்போனது. தன் ஓட்டம் முடிந்ததும் இன்னொருவர் ஓட்டத்துக்காகக் காவல் நிற்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று நினைத்தாள். ஓட்டத் தெரிவதற்கு முன்பே நிற்பதில் அவள் கெட்டிக்காரி ஆனாள். முழங்காலைச் சற்று மடக்கி, வருகிற காரிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பாள். கார் கவிழ்ந்த மறுகணம் அதன் வயிற்றில் கை இருக்கும்.

நன்றாக நிற்பவருக்கு இன்னொரு கூலியும் உண்டு. அது தானாக வரும். மூலையில் நின்று பார்த்தபோதுதான், மேடையிலிருந்து தெரியாத சங்கதிகள் அவளுக்குத் தெரிந்தன. வேகமானவர்களின் கார் சத்தமே போடவில்லை. மூலைக்கு முன்பே அடங்கி, வளைவின் உள்ளோரத்தைத் தொட்டுக்கொண்டு, வெளியே வரும்போது நேராக நிமிர்ந்து பாய்ந்தது. மெதுவானவர்களின் கார்தான் மூலைக்குள் ஆவேசமாக நுழைந்து, டயர் கிறீச்சிட, வால் ஆட்டிக்கொண்டு நின்றது. 'இது நம்ம பஸ் சங்கதிதானே!' என்று தோன்றியது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறை, வளைவில் குறைக்காதே. இருபது பேர் நின்றுகொண்டு வரும் பேருந்தில் அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிப்போவின் பின்புறம், கழுவி நிறுத்தும் திடல் பிற்பகலில் காலியாக இருக்கும். ஷிப்டு முடிந்ததும் இரண்டு தண்ணீர் பாட்டில்களை நட்டு வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போட்டுப் பழகினாள். முதலில் விசையைப் பாதிக்கு மேல் அழுத்துவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். காரைப் பார்க்காமல், கார் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்கப் பழகினாள். உடம்பைச் சாய்க்காமல், கால் இரண்டையும் ஊன்றி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பேசும்படி நின்றாள்.

டிப்போ நேரக் கண்காணிப்பாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். "என்னம்மா, பொம்மைக்கு லைசென்ஸ் கிடைச்சிருச்சா?"

"எட்டுப் போட்டாச்சு சார். ஆபீசர் கையெழுத்துத்தான் பாக்கி."

எல்லாம் தேறியது, அந்த ஒன்றைத் தவிர. கார் அவளை நோக்கி வரும்போது இன்னமும் பத்துக்கு நான்கு முறை கை தவறிப் போனது. மூளை ஒரு கணம் நின்று, 'அதன் இடது, என் வலது' என்று மாற்றிப் பார்த்து முடிப்பதற்குள் பாட்டில் விழுந்துவிடும்.

ஒருநாள் கணவரின் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பினாள். அவர் ஒரு பெரியவருக்கு முன்னால் நின்று, கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். பெரியவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? முன்னாடி நின்னு பார்க்கும்போது அவரோட இடது உங்களுக்கு வலதுதானே? கத்தி வச்சிருக்கீங்க. எப்படிக் குழம்பாம இருக்கீங்க?"

"குழம்பினா இந்நேரம் நான் கம்பி எண்ணிக்கிட்டிருப்பேன்" என்றார் கணவர். சொல்லி வாய் மூடவில்லை, பெரியவரின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கணவரின் இடது கை அவள் பார்க்கும் முன்பே அந்தப் பக்கம் போய் அந்தக் கன்னத்தைத் தாங்கியது. பெரியவர் குறட்டையை நிறுத்தாமல் நிமிர்ந்தார்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? விழுந்தாரு, பிடிச்சேன்."

"எந்தப் பக்கம் பிடிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

கணவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, தலை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தானே கை போகும்? அது அவரு இடதா, என் இடதான்னு நின்னு விசாரிச்சுக்கிட்டிருந்தா அவரு தரையில கிடப்பாரு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். எதிரே வருகிற காருக்கும் இதே நியாயம்தான். அது அவளுடைய வலப்பக்கமாகச் சாய்ந்து போனால், ரிமோட்டின் சக்கரத்தையும் அந்த வலப்பக்கமே திருப்பினால் போதும். முட்டுக் கொடுப்பது போல. கார் நேராகிவிடும். இடதும் இல்லை, வலதும் இல்லை. விழுகிற பக்கம் கை கொடுப்பது மட்டுமே.

"நீங்க பெரிய ஆளுங்க!" என்றாள்.

"அதை மெதுவா சொல்லு. தூங்குறவரு முழிச்சுக்கிட்டா கூலியைக் கூட்டிட்டேன்னு நினைப்பாரு."

திடலுக்கு ஓடினாள். அன்று ஒரு பாட்டிலும் விழவில்லை.

மாதங்கள் ஓடின. டவுன் பஸ் நின்று நின்று போவது நின்றது. கடைசிக் கும்பலிலிருந்து நடுக் கும்பலுக்கு வந்தாள். பல் டாக்டர் ஒருமுறை அவள் வழியைக் கவனித்துவிட்டு, "மேடம், உங்க வண்டி இப்பல்லாம் பாயிண்ட் டு பாயிண்ட் போல" என்றார். மைக்குக்காரர் மட்டும் பெயரை மாற்றவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் மகள் கைதட்டுவாள்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் வந்தது. காலையில் குழு குழுவாக மூன்று தேர்வு ஓட்டங்கள்; அவற்றில் சிறந்த பத்துப் பேர் மாலையில் இறுதிப் பந்தயம் ஓடுவார்கள். மற்றவர்களுக்கு அதற்கு முன் ஒரு இரண்டாம்தரப் பந்தயம். அந்தப் பத்தில் ஒருத்தியாக ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. இந்தத் தடவை விட்டால் வாய்ப்பு இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு. ஒரு முழு வருடத்துக்கு. இதை வீட்டில் சொன்னபோது மகள், "அப்ப இந்த வாரமே ஜெயிச்சிடும்மா" என்று, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்று சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டு தேர்வு ஓட்டம் முடிந்தபோது திரையில் அவள் பதினோராவது. பத்தாவது இடத்தில் இருந்தவர் சாவிக்காரர்.

சாவிக்காரர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜன்னல் அகலக் கடையில் சாவி வெட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் கிடங்குக்கு எல்லோருக்கும் முன்பிருந்தே வருகிறார். பெரிய வேகம் கிடையாது, ஆனால் வருடாவருடம் இறுதிப் பந்தயத்தின் பத்தாவது இடம் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி. "பத்து என் கதவு, சாவி என்கிட்டதான் இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது ஓட்டத்தில் சாவிக்காரர் முந்திய குழுவில் ஓடி முடித்தார். நல்ல ஓட்டம். அவரை மிஞ்ச வேண்டுமானால் அவள் இதுவரை ஓடாத ஓட்டம் ஓட வேண்டும். அவர் இறங்கி, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூரத்து வளைவில் போய் நின்றார். கார்கள் மேடையை நோக்கித் திரும்பும் வளைவு அது. பல பேர் கவிழும் இடம்.

அவள் மேடையில் ஏறினாள். கண்ணை மூடினாள். காலையில் பேருந்தில் நினைப்பது போலவே ஒரு நொடி நினைத்தாள். வெற்றியைக் கேட்கவில்லை, கையை நடுங்காமல் வைத்துக்கொள் என்று மட்டும் கேட்டாள். அது நியாயமான வேண்டுதல்.

ஓட்டம் தொடங்கியது. அன்று அவள் ஓட்டியது அவளுக்கே புதிது. நேர்பாதையில் முழு விசை; வளைவுக்கு முன் ஒரு சின்ன அடக்கம்; உள்ளோரக் குழாயை உரசாமல் ஒரு தொடல்; மறுபடி பாய்ச்சல். தூரத்து வளைவில் கார் அவளை நோக்கித் திரும்பும்போது விரல் தானாகச் சாய்ந்த பக்கம் போனது. கணினிக் குரல் ஒவ்வொரு சுற்றுக்கும் அவளை ஒன்பது என்றது, பத்து என்றது, மறுபடி ஒன்பது என்றது.

கடைசி நிமிடத்தில், தூரத்து வளைவில், பின்னால் வந்த பல் டாக்டரின் கார் வழுக்கி அவள் காரின் பின்பக்கம் ஏறியது. இரண்டும் பின்னிக்கொண்டு உருண்டன. அவள் கார் அடியில். சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன.

"மன்னிச்சுக்குங்க மேடம்!" என்றார் டாக்டர் பக்கத்திலிருந்து.

அவள் கீழே சாவிக்காரரைத்தான் பார்த்தாள். மேடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கார் நிமிர்ந்தால் அவருடைய பத்தாவது இடம் போகும் என்பது திரையில் பச்சை எழுத்தில் தெரிந்தது. இரண்டு கார் பின்னிக் கிடக்கிறது. பிரிக்க ஒரு மூச்சு கூடுதலாக எடுத்தால் கேட்க நாதியில்லை. தடுமாறினேன், கால் வழுக்கியது என்று சொன்னால் யாரும் மறுக்கவும் முடியாது.

சாவிக்காரர் ஒரே தாவலில் குழாயைத் தாண்டினார். ஐம்பது வயது முழங்கால் கார்ப்பெட்டில் உராய்ந்த சத்தம் மேடை வரை கேட்டது. மேலே கிடந்த காரை ஒரு கையால் தூக்கிக்கொண்டே மறு கையால் அவளுடையதைப் புரட்டினார். அது பின்னோக்கிப் பார்த்து நின்றது. உடனே எடுத்துப் பாதையை நோக்கித் திருப்பி வைத்தார். குனிந்த நிலையிலேயே உள்ளங்கையை நீட்டி, "போ" என்பது போல ஒரு சைகை காட்டினார்.

அவள் போனாள். மணி அடித்தபோது திரை ஒரு கணம் காலியாகி, பிறகு பெயர்களை வரிசைப்படுத்தியது. பத்தாவது: டவுன் பஸ். பதினொன்று: சாவிக்காரர். இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள். இடையில் அரை நொடிகூட இல்லை.

இறங்கி நேராக அவரிடம் போனாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த கார்ப்பெட் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்தானே?"

"எது?"

"நான் எந்திரிச்சா நீங்க இறங்குவீங்கன்னு."

"எனக்கும் கண்ணு இருக்கேம்மா. திரை அங்கதானே தொங்குது."

"அப்புறம் ஏண்ணே அப்படி ஓடி வந்து நிமிர்த்துனீங்க?"

சாவிக்காரர் யோசித்தார். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். "நான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள முட்டி ஓடிருச்சும்மா. வருஷக்கணக்கா மூலையில நிக்குதுல்ல, அதுக்குக் கவுந்த காருதான் தெரியும். யாரு காருன்னு தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. ஃபைனல்ல கவுந்தீங்க, நான் டீ குடிக்கப் போயிருவேன். சொல்லிட்டேன்" என்றார்.

அவள் சிரித்தாள். கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல் இருந்தார். இரண்டும் ஒரே அளவு நல்ல குணம்தான்.

இறுதிப் பந்தயத்துக்குக் கணவர் கடையைப் பூட்டிவிட்டு மகளோடு வந்திருந்தார். பத்துக் கார்களும் வரிசையாக நின்றன; அவளுடையது கடைசி. தொடக்க ஒலி கேட்டதும் ஒன்பது கார்களும் முதல் வளைவுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேர ஆசைப்பட்டன. அவள் ஆசைப்படவில்லை. நிறுத்தத்தில் கூட்டம் முண்டியடிக்கும்போது கதவைத் திறக்காமல் ஒரு கணம் பொறுப்பவள் அவள். விசையை விட்டாள். முன்னால் மூன்று கார்கள் மோதி விரிந்தன. நடுவில் ஒரு பேருந்து அகலத்துக்கு வழி கிடைத்தது. அவ்வளவு அகலம் அவளுக்குத் தாராளம்.

"டவுன் பஸ் ஏழாவது!" என்று மைக் அலறியது. "நிறுத்தமே இல்லாம போகுதய்யா!"

ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அடக்கினாள், அதே இடத்தில் பாய்ந்தாள். தூரத்து வளைவிலிருந்து கார் அவளை நோக்கி வரும்போதெல்லாம் கூட்டத்தில் கணவரின் குரல் கேட்டது: "சாயுது சாயுது, தாங்கு!" பக்கத்தில் நின்றவர்கள் அவரை வினோதமாகப் பார்த்தார்கள். மகள் தன் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அந்த மஞ்சக் காரு எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றில் பல் டாக்டர் அவசரப்பட்டு வளைவில் அகலமாகப் போனார். அவள் உள்ளோரமாக, சத்தமில்லாமல், அவரைத் தாண்டினாள். ஆறாவது. ஒருமுறைகூடக் கவிழவில்லை. சாவிக்காரர் தூரத்து வளைவில் கடைசி வரை முழங்காலை மடக்கியே நின்றார். டீ குடிக்கப் போகவில்லை.

ஆறாவது இடத்துக்குக் கோப்பை கிடையாது. ஆனால் மேடையிலிருந்து இறங்கியபோது கிடங்கு முழுக்கக் கைதட்டியது. டாக்டர் குனிந்து வணக்கம் வைத்தார். "நாளைக்கு கிளினிக்ல, ஒரு டவுன் பஸ் என்னை ஓவர்டேக் பண்ணிருச்சுன்னு சொன்னா, பேஷண்ட் வாயைத் தானா திறந்துடுவாங்க" என்றார். மகள் ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கணவர் ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, கண்ணாடிப் பாத்திரம் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவள் நிமிர்ந்து நின்றாள். அந்தப் பெருமையில் பிழை ஒன்றும் இல்லை. உழைத்துத் தேடிய பெருமை தலைக்கு ஏறாது, நெஞ்சில் நின்றுகொள்ளும்.

அந்த ஆரவாரத்தில்தான் சாவிக்காரரின் போன் அடித்தது. கேட்டவர் முகம் மாறியது. "குழந்தை உள்ளயா? நீங்க வெளியவா? அழாதீங்கம்மா, அடுப்பு எரியுதா? சரி, பத்து நிமிஷம்" என்றார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அவள் பார்த்தாள்.

திங்கள் காலை கிடங்குக்கு மரம் வந்துவிடும் என்பதால், அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். இறுதிப் பந்தயம் ஓடியவர்கள் குழாய்களையும் மேடையையும் பிரிப்பார்கள். கார்ப்பெட்டைப் பொறுத்தவரை, கடைசியாக நின்றவர் தன் மூலையைத் தானே சுருட்ட வேண்டும். அடியில் ஒட்டிய நாடாவின் பசை தரையில் ஒரு துளி இருந்தாலும் கிடங்குக்காரர் அடுத்த தடவை சாவி தர மாட்டார். அதனால் மைக்குக்காரர் இதில் மட்டும் கறார். யார் மூலை அப்படியே கிடக்கிறதோ, அவர் அடுத்த ஆண்டின் முதல் பந்தயத்தைக் கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும்.

தன் பங்குக் குழாய்களை அடுக்கி முடித்தாள். மற்ற மூலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மைக்குக்காரர், ஒலிபெருக்கிகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்து மூலைகளைப் பார்ப்பதாகச் சொல்லி வேனில் கிளம்பினார். கணவருக்குக் கடையில் மாலை வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

"பஸ்லயா? தினம் ஓட்டுறது போதாதா?"

"தினம் ஓட்டத்தானே செய்யறேன். இன்னைக்காவது பின் சீட்டுல உட்கார்ந்து வரேன்."

அவர்கள் போனார்கள். கிடங்கில் அவள் மட்டும் இருந்தாள். மேல் ஜன்னல்களில் சாயங்கால வெயில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தூரத்து வளைவில், சாவிக்காரர் நின்ற இடத்தில் மட்டும் கார்ப்பெட் விரிந்து கிடந்தது.

மண்டியிட்டு ஓரத்தைப் பற்றி உரித்தாள். நாடா விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. ஒரு சாண் ஒரு சாணாக இழுத்தாள். பஞ்சும் தூசும் மூக்கில் ஏறின. தரையில் தங்கிய பசையை நகத்தாலும், பழைய பயண அட்டை ஒன்றின் ஓரத்தாலும் சுரண்டினாள். பிறகு அந்தக் கனமான துண்டை முழங்காலால் அழுத்தி அழுத்திச் சுருட்டி, தோளில் சாய்த்துத் தூக்கினாள்.

சுவரோரம் மற்ற சுருள்கள் நின்றன. கடைசியில் தனியாக வைத்தால் தாமதமாகச் செய்தது என்று தெரிந்துவிடும். இரண்டு சுருள்களை நகர்த்தி, நடுவில் இதைச் செருகி, மூன்றின் விளிம்பையும் சமமாகத் தட்டினாள். நாற்காலியில் கிடந்த ஆரஞ்சுச் சட்டையை மடித்து, மற்ற சட்டைகளின் குவியலுக்குள் வைத்தாள். எல்லா மூலைகளும் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன.

வெளியே வேன் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்து உருட்டிக்கொண்டே நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.